மூன்று வயதுப் பிள்ளைக்குத் தமிழில் படக்கதைப் புத்தகம்: எங்கே தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோலாலம்பூர் – பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ உள்ள ஒரு கடைக்குள் போய் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது நான்கு வகைதான். அ, ஆ எழுதிப் பழகும் பயிற்சி நூல், வண்ணம் தீட்டும் புத்தகம், பழங்கள் விலங்குகளின் பெயர் அட்டை, பள்ளிப் பாடத்தை ஒட்டிய கேள்வி பதில். எல்லாம் தேவையானவைதான். ஆனால், இரவு படுக்கும் முன் பிள்ளையை மடியில் வைத்துப் படித்துக் காட்டி, "இன்னொரு தடவை" என்று பிள்ளையே கேட்கும் கதைப் புத்தகம் அந்த அடுக்கில் அரிது.

அப்படிப்பட்ட புத்தகங்கள் தமிழில் இல்லை என்று பல பெற்றோர் முடிவு கட்டிவிட்டு ஆங்கிலப் புத்தகத்தோடு வீடு திரும்புகிறார்கள். உண்மையில் அவை இருக்கின்றன, இலவசமாகவும் கிடைக்கின்றன. நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலாம் ஆண்டுக்கு முன்பே தொடங்கும் தமிழ்

இந்நாட்டுத் தமிழ்க் கல்வி 2016ஆம் ஆண்டில் தனது 200ஆம் ஆண்டைக் கொண்டாடியது. இன்று 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. ஆனால், ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் காலெடுத்து வைப்பது ஏழு வயதில்தான். அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் காதில் எவ்வளவு தமிழ் விழுந்தது என்பதே அதன் பிறகான வாசிப்புக்கு அடித்தளம்.

தோட்டத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போனாலும், ஆயாக் கொட்டகையில் நாள் முழுக்கத் தமிழ்தான். லயத்து வீட்டு வாசலில் பாட்டி சொல்லும் கதைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், ஷா ஆலம் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் காதுத் தமிழும் குறைந்தது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறார்கள், சிலர் ஷிப்டு வேலை. பாலர் பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலக் கார்ட்டூன் என்று பிள்ளையின் நாள் கழிகிறது.

இதன் விளைவு முதலாம் ஆண்டு வகுப்பில் தெரிகிறது. 'குதிரை' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பிள்ளை, கு-தி-ரை என்று எழுத்துக் கூட்டியதும் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சொல்லையே கேட்டிராத பிள்ளை எழுத்தையும் சொல்லையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. படக்கதைப் புத்தகத்தின் முதல் வேலை எழுத்து கற்பிப்பதல்ல. பிள்ளையின் காதில் தமிழ்ச் சொற்களைச் சேர்த்து வைப்பது.

வாசிப்பதை விடப் பேசுவது முக்கியம்

அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள சுமார் 30 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் ஒரு மாதம் வீட்டில் படப் புத்தகம் வாசித்தன. ஒரு தரப்புப் பெற்றோருக்கு மட்டும் ஒரு சிறு பயிற்சி: வாசித்துக்கொண்டே போகாமல் பிள்ளையைக் கேள்வி கேளுங்கள், பிள்ளை சொல்வதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள், பாராட்டுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களை விடப் பல மாதங்கள் முன்னே இருந்தார்கள். 1992இல் மெக்சிகோவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம், அவர்களின் தாய்மொழியான ஸ்பானியத்தில் இதே முறையைச் செய்து பார்த்தபோதும் பலன் தெரிந்தது. வசதியான வீடு, ஆங்கிலப் புத்தகம் என்ற நிபந்தனை எதுவும் இதற்கு இல்லை.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கும்? படத்தில் ஒரு பூனை கூரை மேல் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை விரலை வைத்து "கூச்சிங்" என்கிறது. "கூச்சிங் இல்ல, பூனைன்னு சொல்லு" என்று திருத்தினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "ஆமா, பூனை! கருப்புப் பூனை. பூனை எங்க உக்காந்திருக்கு?" என்று கேட்டால் பிள்ளை அடுத்த பதிலைத் தேடும். பிள்ளை ஒரு சொல் சொன்னால் பெரியவர் அதை மூன்று சொல்லாக்கித் திருப்பித் தருகிறார். மலாய்ச் சொல் தவறு என்று ஆவதில்லை. அதன் பக்கத்தில் தமிழ்ச் சொல்லும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கடையில் நின்றபடியே செய்யும் சோதனை

நல்ல படக்கதைப் புத்தகத்தை அடையாளம் காண ஐந்து நிமிடம் போதும்.

முதலில், எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கதை ஓரளவாவது புரிகிறதா? எய்லீன் பிரவுன் எழுதி வரைந்த 'ஹாண்டாஸ் சர்ப்ரைஸ்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கென்யச் சிறுமி ஹாண்டா ஏழு வகைப் பழங்களைக் கூடையில் வைத்து, தலையில் சுமந்து தோழியைப் பார்க்கப் போகிறாள். எந்தப் பழம் தோழிக்குப் பிடிக்கும் என்று அவள் யோசித்துக்கொண்டே நடக்க, பின்னால் வரும் விலங்குகள் ஒவ்வொரு பழமாக எடுத்துவிடுகின்றன. திருட்டைப் பற்றி எழுத்து ஒன்றும் சொல்வதில்லை. படம் மட்டும்தான் காட்டுகிறது. வாசிக்கும் அப்பாவுக்கு முன்பே பிள்ளை அதைக் கண்டுபிடித்துக் கத்துகிறது. மாம்பழம், கொய்யா, அன்னாசி எல்லாம் நம் பிள்ளைக்குத் தெரிந்த பழங்கள்தான்.

இரண்டாவது, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கினால், அது ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றிய புத்தகமாக இருக்கலாம். இரண்டு மூன்று வயதுக்கு ஒரு பக்கத்தில் ஓரிரு வரிகள் போதும்.

மூன்றாவது, ஒரே வரி அல்லது ஒரே ஓசை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அதுதான் பிள்ளை சேர்ந்து சொல்லும் இடம். இதில் தமிழுக்கு ஒரு தனி வசதி உண்டு. சலசல, தடதட, மினுமினு, கிடுகிடு என்று தொல்காப்பியம் முதல் இலக்கணம் சொல்லும் இரட்டைக்கிளவிகள் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி.

நான்காவது, கடைசிப் பக்கத்தில் 'நீதி' என்று தனியாக ஒரு பாடம் இருந்தால் அதற்காகவே அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம். சிரிப்பும் ஆச்சரியமும்தான் இந்த வயதுப் பிள்ளையை மறுநாளும் புத்தகத்திடம் கொண்டுவரும்.

'சிறுவர் நூல்' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினாலும் ஏமாற்றம் வரும். சாகித்திய அகாடமியின் பால சாகித்திய விருதை 2023இல் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024இல் பெற்ற யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' ஆகியவை தாமாகவே வாசிக்கத் தெரிந்த, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. மடியில் உட்காரும் வயதுக்கு வேறு புத்தகம் வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

இலவசமாகத் தொடங்க விரும்புவோருக்கு முதல் இடம் 'ஸ்டோரிவீவர்'. பெங்களூரின் பிரதம் புக்ஸ் என்ற இலாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய இணையத் தளம் இது. தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு முதல் நிலையிலிருந்து தொடங்கலாம். கதைகளைத் திரையில் படிக்கலாம், பதிவிறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை நீக்காமல் இருந்தால் அச்சிட்டுப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் இடம் தருகிறது. ஆசியா அறநிறுவனத்தின் 'லெட்ஸ் ரீட்' என்ற இலவச மின்னூலகத்திலும் தமிழ்க் கதைகள் உள்ளன.

கையில் பிடிக்கும் புத்தகம் வேண்டுவோர் சென்னைப் பதிப்பகங்களைப் பார்க்க வேண்டும். 1996இல் தொடங்கிய தூலிகா, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழிப் பதிப்புகளும் அதில் உண்டு. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்', இந்திய தேசிய புத்தக அறக்கட்டளையின் நேரு பால புத்தகாலய வரிசை ஆகியவையும் தேடத் தக்கவை. இலண்டனின் மன்த்ரா லிங்குவா, உலகப் புகழ் பெற்ற படப் புத்தகங்களைத் தமிழ்-ஆங்கிலப் பதிப்பாக வெளியிடுகிறது. மேலே சொன்ன ஹாண்டாவின் கதையும் அவற்றில் ஒன்று.

இவற்றை வரவழைக்க அஞ்சல் செலவு கூடும். அதனால் இரண்டு வழிகள் உதவும். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியில் நடக்கிறது. அந்தப் பக்கம் போகும் உறவினரிடம் சேலை, பலகாரத்தோடு நான்கு படப் புத்தகங்களையும் எழுதிக் கொடுத்தனுப்பலாம். அல்லது, ஒரே பாலர் பள்ளியின் பெற்றோர் சிலர் புலனக் குழுவில் சேர்ந்து மொத்தமாக வரவழைத்து, மாதம் ஒருமுறை வீடு மாற்றிப் படிக்கலாம். ஆளுக்கு இரண்டு புத்தகம் வாங்கினால் பத்துக் குடும்பங்களுக்கு இருபது புத்தகம்.

நூலகங்களையும் மறக்கக்கூடாது. டத்தாரான் மெர்டேக்கா அருகிலுள்ள கோலாலம்பூர் நூலகம், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம், ஷா ஆலம் செக்‌ஷன் 13இல் உள்ள ராஜா துன் ஊடா நூலகம் ஆகியவற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். கோலாலம்பூர் 2020ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உலகப் புத்தகத் தலைநகராகவும் இருந்தது. தமிழ்ப் படப் புத்தகம் அடுக்கில் இல்லையென்றால், பெயரையும் பதிப்பகத்தையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள். யாரும் கேட்காத புத்தகத்தை எந்த நூலகமும் தேடிப் போய் வாங்காது. கடைக்காரருக்கும் இது பொருந்தும்.

புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும்

பல பெற்றோர் சொல்லும் குறை, "படித்தால் பிள்ளைக்குப் புரியவில்லை" என்பது. 'யானை உறங்கிக்கொண்டிருந்தது' என்று புத்தகத்தில் இருக்கும். வீட்டில் நாம் 'யானை தூங்கிக்கிட்டு இருந்துச்சு' என்போம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இவை இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு மொழிகள்.

இதற்குச் சுலபமான வழி உண்டு. முதல் சில நாள் படத்தைக் காட்டி வீட்டுத் தமிழிலேயே கதையைச் சொல்லுங்கள். கதை பிள்ளைக்கு மனப்பாடமான பிறகு அச்சில் உள்ளபடி வாசியுங்கள். நடப்பது என்ன என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் புதிய சொல் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒரே கதையைப் பிள்ளை இருபது தடவை கேட்பது பெரியவருக்கு அலுப்பு. பிள்ளைக்கு அதுதான் பயிற்சி.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு

தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். வெட்கத்தால் அவர்கள் புத்தகத்தை ஆசிரியரிடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால், மேலே சொன்ன ஆய்வில் பலன் தந்தது சரளமான வாசிப்பு அல்ல. படத்தை வைத்து நடந்த பேச்சு. எழுத்தே இல்லாத படக்கதைகளும் உண்டு. இருமொழிப் புத்தகத்தில் ஆங்கில வரியைப் பார்த்துப் பொருளைத் தெரிந்துகொண்டு தமிழில் சொல்லலாம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் புத்தகத்தின் படங்களை அனுப்பி, கதையைக் குரல்பதிவாக வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து பக்கம் புரட்டலாம்.

செலவைப் பற்றி ஒரு குறிப்பு. தனக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ வாங்கும் புத்தகங்களை வருமான வரிக் கணக்கில் வாழ்க்கை முறைச் சலுகையின் கீழ்க் காட்டலாம். இணையக் கட்டணம், கணினி போன்றவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

தொடங்குவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே ஸ்டோரிவீவரில் தமிழ் முதல் நிலைக் கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். நடுவில் மடித்து, முதுகில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் ஒரு புத்தகம் தயார். பத்து நிமிடம் போதும். பிள்ளை பாதியில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்; புத்தகத்தை மட்டும் அதன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.