வீட்டுக்குக் காப்பீடு உண்டு, வீட்டுப் பொருள்களுக்கு?

புதுதில்லி: கடந்த 2023-ம் ஆண்டு ஜூலையில் தில்லியில் யமுனை ஆற்றின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978-ல் பதிவான 207.49 மீட்டர் என்ற உச்ச அளவை அது கடந்தது. கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட பேரிடரில் பெரும்பாலும் சுவர்கள் தப்பிவிடுகின்றன. கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவைதான் முதலில் அழிகின்றன.

அவற்றுக்கு அரசு என்ன தருகிறது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு 2022-26 காலத்துக்கு வகுத்த விதிகளின்படி, வீடு அடித்துச் செல்லப்பட்ட அல்லது இரண்டு நாள்களுக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கிய குடும்பத்துக்குத் துணிமணிக்காக ரூ. 2,500, பாத்திரம் உள்ளிட்ட வீட்டுப் பொருள்களுக்காக ரூ. 2,500. இது உடனடித் தேவைக்கான உதவியே தவிர, இழப்பீடு அல்ல. இழந்ததை மீண்டும் வாங்க வேண்டுமெனில் காப்பீடு இருக்க வேண்டும்.

தலைநகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போர் பலர், தங்களுக்குக் காப்பீடு இருப்பதாகவே எண்ணுகின்றனர். கடன் கொடுத்த வங்கி கேட்டு எடுக்கப்படும் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்துக்கானது. குடியிருப்போர் சங்கம் எடுக்கும் காப்பீடும் கட்டடத்தையும் பொது இடங்களையும் சார்ந்தது. வீட்டுக் கடனுடன் சேர்த்து விற்கப்படும் மற்றொன்று, கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. இந்த மூன்றிலும் அலமாரிக்குள் இருப்பது கணக்கில் வருவதில்லை.

20 சதவீதக் கணக்கு: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், வீடுகளுக்கென "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான பாலிசியை வகுத்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் உள்ளிட்ட ஆபத்துகள் இதில் அடங்கும். கட்டடத்துக்கு மட்டும், பொருள்களுக்கு மட்டும், அல்லது இரண்டுக்கும் சேர்த்து இதை எடுக்கலாம்.

கட்டடத்துக்கு இந்தப் பாலிசியை எடுத்தால், பட்டியல் ஏதும் தராமலேயே வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீடு கிடைத்துவிடும். கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ. 10 லட்சம் என்பது வரம்பு. அதற்கு மேல் வேண்டுமெனில் விவரம் தந்து கூடுதல் தொகைக்கு எடுக்க வேண்டும்.

சிக்கல் இங்குதான் எழுகிறது. கட்டடத்தின் மதிப்பு, வீட்டின் சந்தை விலை அல்ல. உள்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வரும் தொகை. நிலத்தின் விலை அதில் சேராது. ஓர் உதாரணம்: 900 சதுர அடி வீடு, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு ரூ. 2,500 என்று கொள்வோம். கட்டட மதிப்பு ரூ. 22.5 லட்சம். பொருள்களுக்குத் தானாகக் கிடைப்பது ரூ. 4.5 லட்சம்.

அதே வீட்டில் உள்ளவற்றை இன்றைய விலைக்குக் கணக்கிடுவோம். குளிர்பதனச் சாதனங்கள் இரண்டு ரூ. 80 ஆயிரம், குளிர்சாதனப் பெட்டி ரூ. 35 ஆயிரம், சலவை இயந்திரம் ரூ. 25 ஆயிரம், தொலைக்காட்சி ரூ. 45 ஆயிரம், கட்டில், மெத்தை, சோபா, மேஜைகள் ரூ. 1.75 லட்சம், சமையலறைப் பொருள்கள் ரூ. 90 ஆயிரம், கணினி, செல்போன்கள் ரூ. 1.20 லட்சம், துணிமணி, புத்தகங்கள் ரூ. 1.80 லட்சம். மொத்தம் ரூ. 7.5 லட்சம். ஆடம்பரம் ஏதுமில்லாத நடுத்தரக் குடும்பத்துக்கே ரூ. 3 லட்சம் குறைகிறது.

எனவே அறை அறையாகப் பட்டியலிட்டுக் கூட்டுவதே சரியான வழி. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்த விலையை எழுதக் கூடாது. அதே போன்ற பொருளை இன்று வாங்க என்ன செலவாகும் என்பதையே எழுத வேண்டும்.

குறைத்துக் காட்டினால்: பிரீமியத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்துக் காட்டுவோர் உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவில் அதற்காக இழப்பீட்டை விகிதப்படி வெட்டுவதில்லை. ஆனால் எடுத்த தொகைக்கு மேல் கிடைக்காது. இந்தச் சலுகை இல்லாத பாலிசிகளில் நிலைமை கடுமையானது. ரூ. 7.5 லட்சம் மதிப்புள்ள பொருள்களை ரூ. 4.5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், அது 60 சதவீதமே. ரூ. 2 லட்சம் இழப்பு ஏற்பட்டால் ரூ. 1.20 லட்சம்தான் கைக்கு வரும்.

நகையும் திருட்டும்: நகை, கலைப்பொருள்கள் இந்தக் கணக்கில் தானாகச் சேராது, தனியே கேட்டுப் பெற வேண்டும். மொத்தம் ரூ. 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொன்றும் ரூ. 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. பூட்டை உடைத்துத் திருடுவதற்கும் இந்தப் பாலிசி பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. தீ, வெள்ளம் போன்றவை நேர்ந்து, அதன் தொடர்ச்சியாக 7 நாள்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இழப்பீடு உண்டு. மற்றபடி திருட்டுக்குத் தனிக் காப்பீடு அவசியம். மின்கசிவால் பழுதான சாதனத்துக்கு இழப்பீடு இல்லை. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு உண்டு. ரொக்கப் பணம், பத்திரங்கள், வாகனங்கள் இதில் சேராது.

வாடகைதாரர் நிலை: வேலைக்காகத் தலைநகருக்கு வந்து வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு அந்த 20 சதவீதமும் கிடையாது. வீட்டு உரிமையாளரின் பாலிசி அவரது கட்டடத்தையும் பொருள்களையுமே காக்கும். வாடகைதாரர் தனது பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்க விதியில் இடமிருக்கிறது. இதை அவரிடம் எடுத்துச் சொல்ல வங்கியோ சங்கமோ முன்வருவதில்லை என்பதுதான் குறை.

பொருள்களின் படங்கள், ரசீதுகள் ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே, மின்னஞ்சலிலாவது வைத்திருப்பது நல்லது. ஆண்டுக்கொரு முறை பட்டியலைத் திருத்த வேண்டும். இழப்பீட்டில் தகராறு எழுந்து, நிறுவனத்திடம் முறையிட்டும் தீராவிட்டால், ரூ. 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளுக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பொதுவான பாலிசியை வகுத்ததோடு ஆணையத்தின் கடமை முடிந்துவிடாது. பாலிசி விற்கும்போதே, தானாகக் கிடைக்கும் தொகை எவ்வளவு, வீட்டிலுள்ள பொருள்களின் மதிப்பு எவ்வளவு என்பதை வாடிக்கையாளரின் மொழியில் எழுதித் தர நிறுவனங்களைப் பணிக்க வேண்டும். சுவரின் அளவைக் கொண்டு போடும் கணக்கு, அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்ததற்கு ஈடாகாது.