தொடக்கப் பள்ளியில் கணிப்பொறி: குஜராத்தின் இரு சோதனைகள்

பள்ளிக்குக் கணிப்பொறி வந்து சேர்வது ஒன்று. அதனைக் கொண்டு குழந்தை கணக்குக் கற்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை வடோதரா நகரத் தொடக்கப் பள்ளிகள் நன்கு விளக்கின. 2000-ஆம் ஆண்டில் குஜராத் அரசு அந்நகரின் 122 நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுள் 100-க்கு, பள்ளி ஒன்றுக்கு 4 வீதம், கணிப்பொறிகளை வழங்கியது. 2002 ஜூன் மாதத்தில் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தார் ஆய்ந்தபோது, அவற்றைப் பாடம் கற்பிக்கப் பயன்படுத்திய பள்ளிகள் மிகச் சிலவாகவே இருந்தன. சில பள்ளிகளில் பொறிகள் நிறுவப்படவே இல்லை. பெரும்பாலானவற்றில் இயக்கத் தெரிந்தவர் இன்மையால் சும்மா கிடந்தன.

பிரதம் நிறுவனத்தார் அப்பொறிகளையே கொண்டு ஒரு திட்டம் வகுத்தனர். 4-ஆம் வகுப்புக் குழந்தைகள் வாரத்திற்கு 2 மணி நேரம், பொறி ஒன்றுக்கு இருவராக அமர்ந்து, கணித விளையாட்டுகளில் ஈடுபட வேண்டும். ஒரு மணி நேரம் பள்ளி வேளையிலும், மற்றொரு மணி நேரம் பள்ளி தொடங்குமுன் அல்லது முடிந்தபின்னும் ஒதுக்கப்பட்டது. அவ்வட்டாரத்து இளைஞர்களே 5 நாள் பயிற்சி பெற்று மேற்பார்வையாளராக அமர்ந்தனர். அவர்கள் பொதுவாகக் கணிதம் போதிக்கவில்லை என்பது கருதத்தக்கது. குழந்தையின் ஆற்றலுக்குச் சற்றே மேற்பட்ட விளையாட்டைத் தூண்டி ஆடச் செய்வதும், வினாவின் பொருள் விளங்காதபோது விளக்குவதுமே அவர்தம் பணி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி வினாத் தருதல் அரிது. மென்பொருளால் இயலும் பெரும் உதவி இதுவே. வண்ணப் படமும் இன்னிசையும் இதன் பின்னரே எண்ணத்தக்கவை.

இத்திட்டத்தின் பயனை அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டூப்ளோ, லே லிண்டன் ஆகியோர் அளந்து, 2007-இல் வெளியிட்டனர். பள்ளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவிற்கு மட்டுமே திட்டம் அளிக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டாகிய 2003-04-இன் இறுதியில் கணித மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. எளிதாகக் கூறின், 100 குழந்தைகளுள் 50-ஆம் இடத்தில் நின்ற குழந்தை ஏறத்தாழ 32-ஆம் இடத்திற்கு முன்னேறுவதை இது ஒக்கும். ஆயின் திட்டம் நின்று ஓராண்டு கழிந்தபின் எஞ்சிய பயன் 0.10 அளவே. அஃதாவது, அக்குழந்தை 46-ஆம் இடத்தை ஒட்டித் திரும்பிவிட்டது எனலாம்.

அதே மாநிலத்தில் நிகழ்ந்த மற்றொரு சோதனை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ‘ஞானசாலை’ என்னும் பொருளில் ‘கியான் சாலா’ எனப் பெயர் பூண்ட தொண்டு நிறுவனம் எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு வகுப்புகள் நடத்துவது. அவ்வகுப்புகளில் ஒவ்வொரு வேளைக்கும் உரிய பாடம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்தது. அங்கு 2, 3-ஆம் வகுப்புகளில் கணிதக் கணிப்பொறித் திட்டம் இரு வகையாக நடத்தப்பட்டது. முதல் வகையில், பள்ளி வேளையில் ஆசிரியர் நடத்தும் பாடத்திற்கு மாற்றாகக் கணிப்பொறி வைக்கப்பட்டது. குழந்தைகளின் கணித மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் வீழ்ந்தது. 50-ஆம் இடத்துக் குழந்தை 72-ஆம் இடத்தருகே தள்ளப்பட்டதற்கு இஃது ஒப்பாகும். இரண்டாம் வகையில், பள்ளி வேளைக்குப் புறம்பே அது கூடுதலாக அளிக்கப்பட்டது. இம்முறை 0.28 உயர்வு கிட்டியது. பின்தங்கிய குழந்தைகளே மிகுதியும் பயனடைந்தனர். லே லிண்டன் 2008-இல் இம்முடிவுகளைத் தந்தார்.

ஒரே கருவி ஒரு முறை கெடுக்கவும் மறுமுறை வளர்க்கவும் காரணம் என்ன? கணிப்பொறி எந்த நேரத்தைப் பறித்துக்கொண்டது என்பதே வினா. கியான் சாலாவில் பறிக்கப்பட்டது செவ்வனே நடந்து வந்த ஆசிரியரின் பாடம். வடோதராவிலும் ஒரு மணி நேரம் பள்ளி வேளையிலேயே எடுக்கப்பட்டது உண்மை. எனினும் அங்குப் பயன் கிட்டியது. ஆகவே பள்ளி வேளையில் கணிப்பொறியே கூடாதென்று விதித்தல் பொருந்தாது. நன்றாக நடக்கும் கணித வகுப்பை எடுத்து அதற்குக் கொடுப்பதுதான் தவிர்க்கத்தக்கது. மேலிடத்து ஆணையில் ‘வாரம் இத்தனை மணி நேரம்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருப்பின், எந்த மணி நேரம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு தலைமையாசிரியருடையது. பள்ளிகளைப் பார்வையிடும் ஊழியர் பொறிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் கால அட்டவணையை முதலில் கேட்டு வாங்குதல் நலம்.

செலவும் நோக்க வேண்டுவதே. அதே 2007 ஆய்வு ‘பாலசகி’ என்னும் முறையையும் அளந்தது. அவ்வட்டாரத்துப் பெண் ஒருவர், பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அமர்த்தி நாள்தோறும் 2 மணி நேரம் அடிப்படைப் பாடம் கற்பிப்பதே அம்முறை. இரண்டாம் ஆண்டில் அதன் பயன் 0.28, குழந்தை ஒன்றுக்கு ஆன செலவோ கணிப்பொறித் திட்டத்தின் செலவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. பொறிகள் முன்னரே வந்திறங்கியுள்ள பள்ளிக்கு இக்கணக்கு வேறாகும். புதிதாக வாங்கக் கருதும் பள்ளி இதனை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மென்பொருளைத் தேர்வோர் அதனைத் தாமே ஒரு மணி நேரம் இயக்கிப் பார்க்க வேண்டும். வினாக்கள் குழந்தையின் மொழியில் உள்ளனவா, பாடத்திட்டத்து வரிசையோடு பொருந்துகின்றனவா, தவறான விடைக்குப் பின் எளிய வினா வருகின்றதா அல்லது வெறும் ஓசை மட்டும் எழுகின்றதா என்பன அப்போது புலனாகும். இருவர் அமரும் பொறியில் சுட்டியைப் பிடிப்பவர் எப்போதும் ஒருவரே ஆகிவிடுவது எளிது. பாதி நேரத்தில் இடம் மாற்றுதல் இன்றியமையாதது. அறையின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதும் அற்ப வினாவன்று.

திரையில் நான்கு விடைகளுள் சரியானதைத் தொட்டுவிடும் குழந்தை, அதே கணக்கைச் சிலேட்டில் கடன் வாங்கிக் கழிக்க இயலாது நிற்பதுண்டு. ஆதலின் அவ்வாரத்து விளையாட்டில் வந்த வினாக்களுள் நாலைந்தை ஆசிரியர் குறித்துக்கொண்டு, மறுநாள் வகுப்பில் எழுதிச் செய்யச் சொல்வது வேண்டும். பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்பதைச் சிலேட்டு காட்டிவிடும்.