கீசர் சுவிட்ச் கருகுதா? புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

திருச்சி தில்லை நகரில் கீசருக்கு வேலை வருவதே ஐப்பசி மழைக்குப் பிறகுதான். கோடை முழுக்க மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும் ஊர் இது. மார்கழியில் விடியற்காலை ஸ்ரீரங்கம் போக வீடே வரிசையாகக் குளிக்கும்போதுதான் கீசர் சுவிட்ச்சின் உண்மை நிலை தெரியவரும். போட்டால் ‘கிர்ர்’ என்று சத்தம், கருகல் வாடை, வெள்ளை பிளேட்டில் பழுப்புக் கறை. உடனே, “கடையில ஒண்ணு வாங்கி மாட்டிடுப்பா” என்பார் அம்மா.

நாமே மாட்டலாமா? சட்டம் தடுக்கவில்லை. வீட்டு வயரிங் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று சொன்ன 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதியே, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு விலக்கு தந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறையிலும் அது தொடர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: இணைப்பின் திறனோ தன்மையோ மாறக் கூடாது. கீசர் விஷயத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏன் கருகுது?

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலும் 3,000 வாட். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் ஸ்டோரேஜ் கீசர் என்றாலும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். லைட், ஃபேனுக்கான 6 ஆம்பியர் சுவிட்ச் இதைத் தாங்காது. சரியான சுவிட்ச்சாக இருந்தாலும், வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ லூஸானால் போச்சு. அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே, 13 ஆம்பியர் ஓடும்போது சுமார் 17 வாட் சூடு கிளம்பும். சின்ன சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைச் சுவருக்குள் செருகி வைத்த மாதிரி. ஆக, கருகிய சுவிட்ச் பெரும்பாலும் நோய் இல்லை, அறிகுறி.

தில்லை நகர் கிராஸ் தெருக்களில் புது அப்பார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே பழைய தனி வீடுகளும் நிற்கின்றன. கீசரே இல்லாத காலத்தில் வயரிங் செய்து, பின்னாளில் பக்கத்து பாயிண்ட்டிலிருந்து இழுத்துக் கொடுத்த வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. கீசருக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் இருப்பது நல்லது. சாதா சுவிட்ச் ஒரு வயரை மட்டும் துண்டிக்கும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், ஆஃப் செய்த பிறகும் கீசரில் கரன்ட் நிற்கும். டி.பி. இரண்டையும் துண்டிக்கும். ஆனால் சாதாவை எடுத்துவிட்டு டி.பி. போடுவதும், வயரை மாற்றுவதும் விலக்கில் வராது, எலக்ட்ரீஷியன் வேலை.

இன்வெர்ட்டர் இருக்கா?

அதே ரகம், அதே ஆம்பியர் சுவிட்ச் என்றால் நீங்களே மாற்றலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள். சிவப்பு இண்டிகேட்டர் எரியவில்லை என்பதால் கரன்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்தக் குட்டி பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம். மெயினை ஆஃப் செய்வது மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், அதே போர்டில் இருக்கும் லைட் பாயிண்ட்டுக்கு அப்போதும் கரன்ட் வரும். அதையும் நிறுத்துங்கள். டெஸ்டரை முன்கூட்டியே கரன்ட் உள்ள பாயிண்ட்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டில் உள்ள ஒவ்வொரு வயரையும் சோதியுங்கள்.

கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் கலரை மட்டும் நம்ப வேண்டாம், கையில் கிடைத்த வயரைப் போட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய. வயர் முனை கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மாட்டுங்கள். நீளம் பத்தவில்லை என்று ஒட்டுப் போடாதீர்கள். ஸ்க்ரூவை இறுக்கிய பின் வயரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறதா? “32 ஆம்பியர் போட்டா நிக்கும் சார்” என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மெல்லிய வயருக்குப் பெரிய எம்.சி.பி. போட்டால், அது டிரிப் ஆவதற்குள் வயர் உருகிவிடும்.

மாட்டிய பின் கீசரை 15 நிமிடம் ஓடவிட்டு, ஈரமில்லாத புறங்கையால் பிளேட்டைத் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. சுடுகிறது என்றால் எம்.சி.பி.யை ஆஃப் செய்துவிட்டு, வயரிங்கைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர்தான்.