டப்பாவுக்கு டாட்டா!

கண்டென்ஸ்டு மில்க் டப்பாவைத் திறந்தால் முதல் ஸ்பூன் பாயசத்துக்கா போகிறது? நேரே வாய்க்குத்தான்! இதில் ஆபீஸர், பியூன் பேதமே கிடையாது. அதை வீட்டிலேயே காய்ச்சலாம் என்று நான் சொன்னதும் எங்கள் கேஷியர் சிரித்தார். "ஏன் ஸார், மாடும் வளர்க்கப் போறீங்களா?"

மாடெல்லாம் வேண்டாம். 6 சதவிகிதம் கொழுப்புள்ள பாக்கெட் பால் 1 லிட்டர், சர்க்கரை 200 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை. அடி கனமான, வாய் அகன்ற பாத்திரம். தீர்ந்தது லிஸ்ட்.

பால் பொங்கியதும் தீயைக் குறைத்துக் கிளறுங்கள். பாதியாக வற்றியதும் சர்க்கரையும் சோடாவும். சோடா எதற்கு? பால் சுண்டச் சுண்டப் புளிப்புத் தன்மை கூடும், திரியப் பார்க்கும். அதை சோடா தடுக்கும். சிட்டிகையைத் தாண்டினால் சோப்பு ருசிதான்! ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். அதுவரை ஸீட்டை விட்டு நகரக் கூடாது. லீவ் லெட்டர் செல்லாது!

எங்கே நிறுத்துவது? கரண்டியிலிருந்து எண்ணெய் போல ஒழுகும்போதே அணைத்துவிடுங்கள். ஆறினால் தானாக இறுகும். எடை போட்டால் 450 முதல் 500 கிராம் இருக்கும். இன்னும் கிளறினால் அது பாட்டி கிண்டிய திரட்டுப்பால். நாம் நடு ஸ்டேஷனில் இறங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

கடை டப்பா மாதக்கணக்கில் கெடாத ரகசியம் சர்க்கரை. 40 முதல் 45 சதவிகிதம்! இருக்கும் தண்ணீரைக் கிருமிகளுக்கு விடாமல் அது பிடித்துக்கொள்கிறது. ஊறுகாயில் உப்பு பார்க்கும் அதே உத்தியோகம். 1856-ல் அமெரிக்கர் கெய்ல் போர்டன் பேடன்ட் வாங்கியது, காற்றை உறிஞ்சிய கலத்தில் பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு. குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் பால் தீயாது. 1861-65 உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு இந்த டப்பாதான் பால்மாடு. நம் வீட்டில் அந்தக் கலமும் இல்லை, சீல் வைக்கும் மெஷினும் இல்லை. எனவே கண்ணாடி பாட்டில், ஃபிரிட்ஜ், ஒரு வாரத்தில் காலி!

இனி கொஞ்சம் சீரியஸ்.

பிரசவத்துக்குப் போயிருந்த மனைவிக்காக ஒரு பாட்டில் எடுத்துப் போனேன். குழந்தைக்கு இரண்டு மாதம். மாமியார் கேட்டார்: "மாப்ளே, ராத்திரி பால் பத்தாம அழறான். இதுல ஒரு ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சுக் குடுத்தா என்ன? அந்தக் காலத்துல டின் பால் குடிச்சு வளர்ந்த பிள்ளைங்க இல்லியா?"

"இருக்காங்க அத்தை. வளராமப் போன பிள்ளைங்க கணக்குதான் நமக்குத் தெரியாது" என்றேன். 1939-ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இந்த இனிப்புப் பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டித்துப் பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'! பச்சைக் குழந்தைக்கு வேண்டிய சத்து இதில் இல்லை, இருப்பது சர்க்கரை.

அத்தை முகம் சுருங்கியது. மனைவி என்னை முறைத்தாள். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போனோம். எடை சரியாக இருந்தது. "அடிக்கடி தாய்ப்பால் கொடுங்க, அது போதும்" என்றார்.

வீடு திரும்பியதும் அத்தை அந்த பாட்டிலைத் திறந்து, தன் காபியில் இரண்டு ஸ்பூன் விட்டுக்கொண்டார்.

"பெரியவங்க சாப்பிடலாமில்ல, மாப்ளே?"