ரோடு சைக்கிளில் கை மரத்துப்போதல்: காரணமும் சீரமைப்பும்

ரோடு சைக்கிள் எனப்படும் நெடுந்தொலைவு மிதிவண்டியை ஓட்டுவோருக்கு உள்ளங்கை வலியும் விரல் மரத்துப்போதலும் பரவலாக வரும் தொல்லைகள். (நம் பக்கம் பைக் என்றால் மோட்டார் சைக்கிள் என்றே பொருள் கொள்வதால், இங்கே சைக்கிள் என்றே எழுதுகிறேன்.) வலி கையில் தெரிந்தாலும் பெரும்பாலும் அதன் காரணம் சீட்டில் இருக்கிறது. இதை அறியாமல் முதலில் கையுறை வாங்குவோரே அதிகம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகச் செல்லும் நாற்கரச் சாலையில் மேடும் பள்ளமும் குறைவு. சைக்கிளுக்கு நல்ல சாலை என்று தோன்றும். ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாததால் உட்கார்ந்த நிலையும் மாறுவதில்லை, பிடித்த பிடியும் மாறுவதில்லை. அத்துடன் சுங்கச்சாவடிக்கும் கூட்டுச்சாலைகளுக்கும் முன்னால் போட்டிருக்கும் வரிவரியான வேகத்தடைப் பட்டைகள் ஒவ்வொன்றும் கைக்கு ஓர் அடி. ஓய்வுக்குப் பின் இந்தச் சாலையில் வாரம் இருமுறை போய்வரத் தொடங்கிய எனக்கு, மூன்றாம் மாதம் இடது சுண்டுவிரல் மரத்தது. சில நாளில் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த நரம்பு?

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல் வரை ஓடுமே, அது அல்னார் நரம்பு. இது மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கைக்குள் நுழையும் இடத்தில், சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே ஒரு குறுகிய வழியில் செல்கிறது. அதை 1861இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் குயோன் பெயரால் குயோன் கால்வாய் என்கிறார்கள். அங்கே நரம்பின் மேல் கனத்த தசை கிடையாது. நாம் ஹேண்டில்பாரில் ஊன்றுவதும் சரியாக அந்த இடத்தில்தான். சைக்கிள் ஓட்டுவதால் இந்த நரம்பு செயலிழப்பதைப் பற்றி எத்தியேன் தெஸ்தோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். தொல்லை சைக்கிளோடு பிறந்தது எனலாம்.

சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அழுந்துவது அல்னார் நரம்பு. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் அழுந்துவது மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு; மணிக்கட்டைப் பின்பக்கமாக மடித்துப் பிடிப்பவர்களுக்கு இது வருகிறது. அல்னார் நரம்பு உள்ளங்கைக்குள் இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை உணர்ச்சிக்கு, மற்றொன்று அசைவுக்கு. அசைவுக் கிளை மட்டும் அழுந்தினால் மரப்பே இருக்காது, பிடி மட்டும் தளரும். ஆகவே மரக்கவில்லை என்பதற்காகக் கவலையின்றி இருந்துவிடக் கூடாது. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, மற்றொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பிடிக்க முடியாமல் கட்டைவிரலின் நுனி மடங்கினால் அசைவுக் கிளை பாதிக்கப்பட்டிருக்கலாம்.

பழைய சைக்கிளில் ஏன் வரவில்லை?

முப்பது ஆண்டுகள் பள்ளிக்குச் சைக்கிளில் போனவன் நான். அப்போது கை மரத்ததில்லை. அந்தப் பழைய கறுப்புச் சைக்கிளில் முதுகு நிமிர்ந்து இருக்கும்; உடல் எடை முழுவதும் ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டில் இறங்கும்; கை திருப்புவதற்கு மட்டுமே. ரோடு சைக்கிளில் காற்றைக் குறைப்பதற்காக உடலை முன்னால் சாய்க்கிறோம். சாய்ந்த உடலை இடுப்பும் வயிற்றுத் தசையும் தாங்கவேண்டும். அவற்றால் முடியாதபோது கைகள் தூண்களாகின்றன. சைக்கிளைச் சரிசெய்வது என்றால் இந்த எடையைக் கையிலிருந்து சீட்டுக்கும் பெடலுக்கும் திருப்பி அனுப்புவதுதான்.

சீட்டிலிருந்து தொடங்க வேண்டும்

எதையும் கழற்றுமுன் இப்போதுள்ள நிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சீட் பில்லரில் ஒட்டுநாடா ஒன்று சுற்றினால் உயரம் மறக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் மாற்றி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

முதலில் சீட்டின் சாய்வு. சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்தி, சீட்டின் மேல் கொத்தனார் ரசமட்டத்தை நீளவாக்கில் வையுங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கியிருந்தால் உடல் ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கை ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். என் சைக்கிளில் இருந்த குறை இதுதான். தொடை உரசுகிறது என்று சொன்னதற்கு ஒரு கடையில் மூக்கை இறக்கிக் கொடுத்திருந்தார்கள். உரசல் நின்றது, கை போயிற்று. சீட் மட்டமாக இருப்பதே தொடக்க நிலை.

அடுத்து உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு தானாக வரும். சீட் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும், ஹேண்டில்பாரும் ஒப்பளவில் தாழும்.

பிறகு முன்பின் நிலை. பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கையில், முன் முழங்காலின் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டு விட்டால் நூல் பெடலின் அச்சைத் தொடவேண்டும் என்பது வழக்கம். இது விதியன்று, தொடங்குவதற்கு ஓர் இடம். கை வலிக்காரர்கள் சீட்டை அதிலிருந்து 5 முதல் 10 மி.மீ. பின்னே தள்ளிப் பார்க்கலாம். நின்றபடி குனிந்து தரையிலுள்ள பொருளை எடுக்கும்போது இடுப்பு தானாகப் பின்னே போகிறதல்லவா? அதே சமநிலைக் கணக்குத்தான். போக்குவரத்து இல்லாத சமதளத்தில் ஓரளவு அழுத்தி மிதித்தபடி இரு கைகளின் பாரத்தையும் ஒரு கணம் தளர்த்துங்கள். விரல் ஹேண்டில்பாரைத் தொட்டபடியே இருக்கட்டும். உடல் முன்னே விழப் பார்த்தால் சீட் இன்னும் பின்னே போகலாம். 10 மி.மீ. பின்னே தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்குமான தூரம் 3 மி.மீ. அளவு கூடும், அந்த அளவு சீட்டை இறக்கிவிடுங்கள்.

ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும்

சீட் பின்னே போனதும் ஹேண்டில்பார் எட்டாததுபோல் தோன்றும். முழங்கை விறைத்து நேராகிவிட்டால் சாலையின் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். ஹேண்டில்பாரை ஃபோர்க்குடன் இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்குவதும் உயர்த்துவதும் இதற்கு வழி. ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே போட்டு ஸ்டெம்மை மேலே ஏற்றலாம். 6 டிகிரி சாய்வுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே ஹேண்டில்பார் ஏறத்தாழ 2 செ.மீ. உயரும்; காசு செலவில்லை.

இங்கே பலரும் செய்யும் தவறு, மேல்மூடியின் போல்ட்தான் ஸ்டெம்மைப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அதை முறுக்குவது. பக்கவாட்டு போல்ட்டுகளே ஸ்டெம்மைப் பிடிக்கின்றன; மேல்மூடி, பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டும். எனவே பக்கவாட்டு போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போது மேல்மூடியை மெதுவாக இறுக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக்கென்ற ஆட்டம் நின்றும் ஹேண்டில்பார் தாராளமாகத் திரும்பவும் செய்தால் போதும். பிறகு ஸ்டெம்மை நேராக்கிப் பக்கவாட்டு போல்ட்டுகளை மாறிமாறி இறுக்கவேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 5 அளவில். கார்பன் உதிரிகள் என்றால் அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் தொடாதீர்கள். பழைய முறை ஸ்டெம்மில், ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் ஓட்டும்போது ஸ்டெம் பிடுங்கிக்கொள்ளலாம்.

பிரேக் பிடிகள் கீழ்நோக்கித் திரும்பியிருந்தாலும் அளவுக்கு மீறி மேல்நோக்கியிருந்தாலும் மணிக்கட்டு வளையும். ஒருவருக்குக் கைகுலுக்க நீட்டும்போது முன்கையும் கையும் ஒரே கோட்டில் இருக்குமே, பிடியின் மேல் கை வைத்தால் அப்படி இருக்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது பிடியை மாற்றுங்கள். வளைந்த ஹேண்டில்பாரில் மேல்பகுதி, பிரேக் பிடி, கீழ்வளைவு என்று மூன்று இடங்கள் இருப்பதே அதற்காகத்தான்.

டயர், கையுறை

23 மி.மீ. டயரில் கல்போல் காற்றடித்து ஓட்டுவது வேகம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. சட்டம் இடம் கொடுத்தால் 28 மி.மீ. டயர் போட்டு, டயரின் பக்கத்தில் எழுதியுள்ள உச்ச அளவுக்குக் கீழே, உடல் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்தால் அதிர்ச்சி பாதியில் நிற்கும். கையுறையும் இரட்டை டேப்பும் இவற்றுக்குப் பிறகே. கையுறையின் மெத்தை, சுண்டுவிரல் பக்க மேட்டைக் காப்பதாக இருக்கட்டும்; மிகக் கனமாயிருந்தால் அதுவே நரம்பை அழுத்தும்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

இறங்கிக் கையை உதறினால் சில நிமிடங்களில் தெளியும் மரப்பு, சைக்கிளைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கான அடையாளம். மறுநாளும் நீடித்தாலோ, பொருள் நழுவினாலோ, பிரேக் பிடிக்க வலு இல்லாவிட்டாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைவு, கழுத்து எலும்புத் தேய்மானம் ஆகியவையும் விரல்களை மரக்கச் செய்யும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லாப் பழியையும் சைக்கிள் மேல் போட்டுவிடக் கூடாது. இரவில் படுக்கையில் மரத்தாலும், காலிலும் மரப்பு இருந்தாலும் அதை மறக்காமல் சொல்லுங்கள். நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் சோதனையால் எங்கே அழுந்துகிறது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எனக்குச் சீட்டை மட்டமாக்கி 8 மி.மீ. பின்னே தள்ளி, ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டபின் புதிதாக மரப்பு வரவில்லை. ஏற்கெனவே வந்தது தெளிய, சைக்கிளைத் தொடாமல் இருந்த நாட்களையும் சேர்த்து, ஏழு வாரம் ஆயிற்று.