மரிச்ஜாப்பி: சுந்தரவனப் படகு நிற்காத தீவு

மேற்கு வங்கத்தின் கோட்காலி படகுத்துறையில் இருந்து புறப்படும் சுற்றுலாப் படகுகள் கோசாபாவைக் கடந்து சஜ்னேகாலிக்குச் செல்கின்றன. அங்கே வனத்துறையிடம் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்ட பிறகுதான் சுந்தரவனப் புலிகள் காப்பகத்துக்குள் போக முடியும். இருபுறமும் நம் பிச்சாவரத்தைப் போல அலையாத்திக் காடு. சேற்றில் இருந்து ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள், கரையில் படுத்திருக்கும் முதலை, புள்ளிமான் கூட்டம். அதிர்ஷ்டம் இருந்தால் புலி.

1973-இல் புலிகள் காப்பகம், 1984-இல் தேசியப் பூங்கா, 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இது காட்டின் வரலாறு. இதே ஆற்றுவழியில், குமீர்மாரிக்கு எதிரே உள்ள மரிச்ஜாப்பி தீவுக்கு வேறொரு வரலாறு உண்டு.

1946-இல் அண்ணல் அம்பேத்கர் வங்காளத்தில் இருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வாகத் துணைநின்றவர் ஜோகேந்திரநாத் மண்டல். அவர் பிறந்த நாமசூத்திரர் சமூகம் வங்காளத்தின் பெரிய தலித் சமூகங்களில் ஒன்று. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதிகளாக வந்த இம்மக்களில் பலரை, தண்ணீரும் விளைநிலமும் அரிதான தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றோரம் வாழ்ந்த மக்களுக்கு அந்த மண் ஒட்டவில்லை.

1978-இல் ஆயிரக்கணக்கானோர் வங்கத்துக்குத் திரும்பி மரிச்ஜாப்பியில் குடியேறினர். அரசு உதவியின்றிக் கரை கட்டினார்கள், குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், மீன் வளர்த்தார்கள், படகு கட்டினார்கள். அது காப்புக்காடு, வெளியேறுங்கள் என்றது மாநில அரசு. 1979 ஜனவரி கடைசியில் போலீஸ் படகுகள் தீவைச் சூழ்ந்தன. சோறும் குடிநீரும் மருந்தும் தடுக்கப்பட்டன. ஜனவரி 31-இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகள் எரிக்கப்பட்டு, எஞ்சியவர்கள் அகற்றப்பட்டனர். இறந்தவர்கள் மிகச் சிலரே என்றது அரசு. பட்டினியிலும் நோயிலும் குண்டுகளிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்கிறார்கள் தப்பியவர்கள்.

இன்றும் சுந்தரவனத்தில் நண்டு பிடிக்கவும் தேன் எடுக்கவும் உயிரைப் பணயம் வைத்துக் காட்டுக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினரும் ஏழை முஸ்லிம்களுமே. புலி அடித்துக் கணவனை இழந்த பெண்களை அங்கே 'புலி விதவைகள்' என்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லை, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் போனார் என்று காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கம். சில பெண்கள் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போராடித் தங்கள் உரிமையை வென்றிருக்கிறார்கள்.

காடு வேண்டும், புலியும் வேண்டும். கடலோரக் கிராமங்களைப் புயலில் இருந்து காப்பதே இந்த அலையாத்திக் காடுதான். ஆனால் அதைக் காப்பதற்கான விலையை எப்போதும் நிலமற்றவர்கள் மட்டுமே ஏன் கொடுக்க வேண்டும்? கல்விச் சுற்றுலாவாகச் சுந்தரவனம் செல்லும் மாணவர்கள் வழிகாட்டியிடம் புலியைப் பற்றிக் கேளுங்கள். மரிச்ஜாப்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.