தங்கவயல்: பொலிவிழந்த ஊரும் அதன் சொற்களும்

1. முன்னுரை

ஓர் ஊரைப் புறத்தார் எச்சொல்லால் சுட்டுகின்றனர், அங்கு வாழ்வோர் எச்சொல்லால் சுட்டுகின்றனர் என்னும் இரண்டும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. கோயிற் சிறப்போ சுற்றுலாப் பெருமையோ இல்லாத தொழில் ஊர்களில் இவ்வேறுபாடு மிகுதி. அவற்றைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் புறத்தாரின் எழுத்துகளே. அவற்றை மொழிபெயர்ப்பவர் புறத்தாரின் மதிப்பீட்டையும் தம்மை அறியாமலேயே ஏற்றுக்கொள்ள நேர்கிறது. கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலைச் சான்றாகக் கொண்டு, ஓர் ஊரின் நன்மையும் தீமையும் சொற்களில் எவ்வாறு பதிகின்றன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஊரின் பெயர்கள்

'கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ்' என்பது சுரங்கக் குழுமங்களின் காலத்தில் அமைந்த பெயர். கோலார் நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே பெயரின் முதற்பகுதியே இவ்வூரை வேறோர் ஊரைக்கொண்டு அடையாளப்படுத்துவதாகும். 'ஃபீல்ட்' என்பது இங்குக் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறிக்கும். தமிழில் அது 'வயல்' எனக் கடன்மொழிபெயர்ப்பாயிற்று. தமிழில் வயல் என்பது நெல் விளையும் நிலம். எனவே மூலத்தில் இல்லாத விளைச்சல் என்னும் பொருட்சாயல் 'தங்கவயல்' என்னும் தொடரில் சேர்ந்துவிட்டது. கன்னடத்தில் வழங்கும் 'சின்னத கணி' என்னும் தொடரில் 'சின்ன' என்பது பொன்னையும் 'கணி' என்பது சுரங்கத்தையும் குறிக்கும். கன்னடப் பெயர் தொழிலை முன்னிறுத்துகிறது. தமிழ்ப் பெயர் நிலத்தை முன்னிறுத்துகிறது.

ஊரினுள் இருக்கும் பகுதிகளின் பெயர்களும் இத்தகையனவே. இராபர்ட்சன்பேட்டை, மைசூரில் இருந்த ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது. சாம்பியன், கோரமண்டல் என்பன சுரங்கங்களுக்கு உரியனவாயிருந்து, இன்று இருப்புப்பாதை நிலையங்களின் பெயர்களாக வழங்குகின்றன. 'சாம்பியன் ரீஃப்' என்பதில் உள்ள 'ரீஃப்' கடற்பாறை அன்று; பொன் கலந்த பாறைப்படிவ இழையைக் குறிக்கும் சுரங்கத்துறைச் சொல் அது. அகராதியின் முதற்பொருளை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் கடலற்ற ஊருக்குக் கடற்பாறையைக் கொண்டுவந்துவிடக் கூடும். அருகிலுள்ள பங்காருபேட்டை முன்பு பௌரிங்பேட்டை எனப்பட்டது. கன்னடத்தில் 'பங்கார' என்றாலும் பொன்னே. ஒலி ஒப்புமையும் பொருட்பொருத்தமும் இணைந்து ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயரைப் பொன்னின் பெயராக்கின எனக் கருத இடமுண்டு.

இப்பெயர்கள் யாவும் காரணப்பெயர்கள். ஆயின் ஊரார் நாள்தோறும் வழங்குவது 'கே.ஜி.எஃப்.' என்னும் எழுத்துச் சுருக்கமே. சுருக்கத்தை வழங்குவோர் அதன் விரிவை எண்ணிப் பார்ப்பதில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின் 'சுரங்கம்' என்னும் காரணம் நீங்கியது, பெயர் நீங்கவில்லை. காரணப்பெயராகத் தோன்றியது வழக்கில் இடுகுறிப்பெயராக நிலைத்துவிட்டது. பணியிடம் ஊராக மாறியதற்கு இதுவே முதல் மொழிச்சான்று எனலாம்.

3. நன்மையும் தீமையும்

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமம் இங்குச் சுரங்கப் பணியை நடத்தியது. வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து தமிழர்கள், அவர்களுள் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர், இங்குக் குடிபெயர்ந்தனர். 1902இல் சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்திற்கு அது 1905இல்தான் கிடைத்தது. மருத்துவமனையும் பள்ளிகளும் அமைந்தன. சொந்த ஊரில் நிலமற்றிருந்தோர்க்குத் திங்கள்தோறும் ஊதியம் கிடைத்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவருடைய எழுத்துகளை வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் இவ்வூரினதே. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தங்கவயலுக்குரிய இடம் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

மறுபக்கமும் உண்டு. அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் தொழிலாளர்களுக்கு 'லைன்' எனப்பட்ட வரிசை வீடுகளும் என ஊர் பிரிந்திருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் கடந்து சென்றது; பாறை வெடிப்புகளும் நுரையீரலைத் தாக்கும் பாறைத்தூசியும் பல உயிர்களைக் கொண்டன. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய சயனைடு கலந்த மண் 3 கோடி டன்னுக்கும் மேலாகக் குவிந்து மேடுகளாக நிற்கிறது. காற்று வீசும் மாதங்களில் அதன் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. சுரங்கம் மூடப்பட்டபின் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் சென்று திரும்புகின்றனர்.

அவர்கள் திரும்புகின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. முதல் தலைமுறையினர்க்கு 'ஊருக்குப் போதல்' என்பது ஆற்காட்டுச் சிற்றூருக்குச் செல்வதாக இருந்தது. பெங்களூரில் பணியாற்றும் இன்றைய தலைமுறையினர்க்கு அதே தொடர் தங்கவயலுக்குத் திரும்புவதைச் சுட்டுகிறது. சொல் மாறவில்லை, சுட்டு மாறியுள்ளது.

4. 'எங்கள் ஊர்', 'நம் ஊர்'

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாம்' கேட்போரை உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. தெலுங்கிலும் 'மனமு', 'மேமு' என இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டிற்கும் 'நாவு' ஒன்றே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் வழங்கும் தங்கவயலில் இவ்விலக்கணக் கூறு கருதத்தக்கதாகிறது.

'நம்ம ஊரில் தண்ணீர் இல்லை' என்பது ஊரார் தமக்குள் பகிரும் குறை. 'எங்க ஊரில் தண்ணீர் இல்லை' என்பது புறத்தாரிடம் வைக்கும் முறையீடு. முன்னதில் உரிமையும் சலிப்பும் கலந்துள்ளன. பின்னதில் எதிர்பார்ப்பு உள்ளது. ஊரைப் பழிக்கும் உரிமை 'நம்ம' என்போர்க்கு உண்டு. அப்பழியையே புறத்தார் சொன்னால் அது வசையாகிறது. கன்னடத்தின் 'நம்மூரு' என்பதையோ ஆங்கிலத்தின் 'அவர் டவுன்' என்பதையோ தமிழாக்கும்போது, கேட்போர் யார் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். இல்லையேல் அன்போடு கூறிய குறை புறத்தாரின் இகழ்ச்சியாகத் திரிந்துவிடும்.

5. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் தேர்வுகள்

முதலாவது, 'குவார்ட்டர்ஸ்'. இதனைக் 'குடியிருப்பு' என்றால் உடைமை நிறுவனத்தினது, வாழ்வோர் தற்காலிகமாகத் தங்கியிருப்போர் என்னும் குறிப்புத் தோன்றுகிறது. மூன்று நான்கு தலைமுறைகள் பிறந்து வளர்ந்த இடத்தை அங்குள்ளோர் 'வீடு' என்கின்றனர். சட்ட ஆவணத்தில் 'குடியிருப்பு' என்பதே பொருந்தும். வாழ்வோரின் வாய்மொழியைப் பெயர்க்கும்போது 'வீடு' என்பதை விடுத்து 'குடியிருப்பு' என எழுதுவது, வழக்கில் ஒரு பக்கத்தாரின் சொல்லை மற்றவர் வாயில் திணிப்பதாகும்.

இரண்டாவது, இதழ்கள் இவ்வூருக்குச் சூட்டும் 'கோஸ்ட் டவுன்' என்னும் தொடர். இதனைப் 'பேய் நகரம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பிழை. 'ஆளற்ற ஊர்' எனப் பொருள் கொண்டாலும் செய்தி பொய்யாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர். ஆளற்றது சுரங்கமே, ஊர் அன்று. இங்கு மொழிபெயர்ப்பாளர் குறிப்பொன்று எழுதுவது தகும்.

மூன்றாவது, புதிய புகழ். 2018, 2022ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கன்னடத் திரைப்படங்கள் 'கே.ஜி.எஃப்.' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பின. அவற்றில் காணப்படும் சுரங்க உலகம் கற்பனை. இன்று ஒரு பனுவலில் இப்பெயர் வரும்போது அது படத்தைச் சுட்டுகிறதா, ஊரைச் சுட்டுகிறதா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. ஊரைச் சுட்டுமிடத்தில் 'தங்கவயல்' என எழுதுதல் ஒரு நல்வழி.

6. முடிவுரை

பொலிவற்ற ஊர் என்பது புறத்தாரின் தீர்ப்பு. அங்கு வாழ்வோர் அவ்வூரின் தீமைகளை அறியாதவர் அல்லர். புறத்தாரைவிட நுட்பமாக அறிந்தவர். அறிந்தும் 'நம்ம ஊர்' என்கின்றனர். குழுமம் இட்ட பெயர் இடுகுறியாக நிலைத்ததும், 'ஊர்' என்பதன் சுட்டு இடம்பெயர்ந்ததும், 'லைன்' வீடானதும் ஒரே மாற்றத்தின் மூன்று வெளிப்பாடுகள். இதே முறையில் பிற சுரங்க ஊர்களின் வழக்குகளையும் தோட்டத்தொழில் ஊர்களின் வழக்குகளையும் தொகுத்து ஒப்பிடுதல் பயன் தரும். தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிய தலைமுறையினர் முதுமையெய்திவிட்டனர். அவர்களுடைய சொற்களைத் திரட்டும் பணியைத் தள்ளிப்போட இயலாது.